நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிக்காலம் என்று ஒன்று இல்லாத ஊர் பினாங்கு. வெயிலும் ஈரமும் மாறி மாறி வருவதால் உண்ணிக்கு வருடம் முழுக்க வாழ்வுதான். நான் தீவில் ஒரு கால்நடைக் கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன், மருத்துவர் இல்லை. பாயான் பாருவிலிருந்தும் ஆயர் ஈத்தாமிலிருந்தும், பாலம் தாண்டி பட்டர்வொர்த், பிறை பக்கமிருந்தும் நாயைத் தூக்கிக்கொண்டு வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், மருத்துவர்கள் தரும் விளக்கங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துவிடும். "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுவதுதான் ஆபத்து.

டாக்டர் "டிக் ஃபீவர்" என்றார். அது என்ன நோய்?

உண்ணி மூலம் நாயின் ரத்தத்தில் புகும் பல கிருமிகளுக்கு மொத்தமாகச் சொல்லும் பெயர் அது. மலேசிய நாய்களிடம் முக்கியமாகக் காணப்படுபவை இவை. எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா வெள்ளை அணுக்களுக்குள் குடியேறும். அனாபிளாஸ்மா பிளாட்டிஸ் என்பதும் பாக்டீரியாதான், அது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளைப் பிடிக்கும். பபீசியா ஓர் ஒட்டுண்ணி. சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். அதில் பபீசியா வோகெலி, பபீசியா கிப்சோனி என்று இரண்டு இனங்கள் இங்கே உண்டு. ஹெப்பட்டோசூன் கேனிஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. இது உண்ணி கடிப்பதால் வருவதில்லை, நாய் தன் உடம்பைக் கடித்துச் சொறியும்போது உண்ணியை விழுங்கிவிட்டால் வரும்.

ஒரே நாய்க்கு இரண்டு கிருமிகள் சேர்ந்து வருவதும் சாதாரணம். அதனால் "டிக் ஃபீவர்" என்ற சொல்லோடு வீடு திரும்பாதீர்கள். "எந்தக் கிருமி, டாக்டர்?" என்று கேளுங்கள். மருந்து அதைப் பொறுத்துத்தான் மாறும்.

எர்லிக்கியா இந்த வட்டாரத்துக்குப் பழைய எதிரி. 1935இல் அல்ஜீரியாவில் முதலில் விவரிக்கப்பட்டது. 1960களில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ நாய்களையும், பிறகு வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்களை நூற்றுக்கணக்கிலும் பலி வாங்கியது. அவற்றில் நிறைய நாய்கள் ஜெர்மன் ஷெப்பர்டுகள். இன்றும் அந்த இனத்துக்கு இந்த நோய் கடுமையாகத்தான் வருகிறது. வீட்டில் ஷெப்பர்ட் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருங்கள்.

எங்கள் நாய் மேல் ஓர் உண்ணிகூட இல்லையே. எப்படி வந்திருக்கும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெண் உண்ணி ஒரு வாரம்போல ரத்தம் குடித்துவிட்டுத் தானாகவே கழன்று விழுந்துவிடும். எர்லிக்கியா உடம்பில் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட 8 முதல் 20 நாள் ஆகும். நாய் சுருண்டு படுக்கும் நாளில், கடித்த உண்ணி எப்போதோ போயிருக்கும். குஞ்சு உண்ணி அரை மில்லிமீட்டர் அளவுதான், அடர்த்தியான முடிக்குள் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. எர்லிக்கியா முதல் காய்ச்சலுக்குப் பிறகு அடங்கி, மாதக்கணக்கில், சில நாய்களிடம் வருடக்கணக்கில், வெளியே தெரியாமல் இருக்கும். இன்று தெரியும் நோய் போன வருடக் கடியாகக்கூட இருக்கலாம். பன்னிரண்டாவது மாடி கொண்டோவில் வளரும் நாய்க்கும் வரும். லிஃப்ட், கீழே இருக்கும் புல்தரை, குரூமிங் கடை, பக்கத்து வீட்டு நாய் என்று வழிகள் பல.

தேடிப் பார்ப்பதென்றால் காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், கால்விரல் இடுக்கில், வால் தொடங்கும் இடத்தில் பாருங்கள்.

என்னென்ன அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மாறுவது குணம்தான். கேட் சத்தம் கேட்டதும் ஓடி வரும் நாய் வராது. சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். மாடிப்படி ஏறத் தயங்கும். "வெயிலுக்குச் சோர்ந்து கிடக்கிறது" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அந்த ஓரிரு நாள்தான் பொன்னான நேரம்.

காய்ச்சல் இருக்கிறதா என்று மூக்கைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. மருந்தகத்தில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை நாய்க்கு இயல்பு. 39.5ஐத் தாண்டினால் காய்ச்சல். அந்தத் தெர்மாமீட்டரை நாய்க்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள். ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது, மஞ்சளாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைகின்றன அல்லது கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. ஈறிலோ, முடி குறைந்த அடிவயிற்றிலோ குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள், காரணமில்லாத நீலக் கன்றல்கள் இருந்தால் பிளேட்லெட் இறங்கியிருக்கலாம். தாடைக்குக் கீழும் முழங்காலுக்குப் பின்னாலும் நெறி கட்டியிருக்கும். எடை குறையும். சில நாய்களுக்குக் கண் கலங்கி நீலம் படர்ந்ததுபோல் ஆகும், திடீரென்று பார்வையே போவதும் உண்டு. பபீசியாவாக இருந்தால் சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போகும்.

எல்லா அறிகுறிகளும் ஒரே நாயிடம் வராது. சாப்பாடு வேண்டாம் என்பதும் சோர்வும் மட்டுமே தெரிந்த நாய்களுக்குப் பரிசோதனையில் பிளேட்லெட் அதலபாதாளத்தில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

மூக்கிலிருந்து ரத்தம், கறுப்பான மலம், வெள்ளைத் தாள் போன்ற ஈறு, அடர்நிறச் சிறுநீர், மூச்சு வாங்குதல், எழுந்து நிற்க முடியாத நிலை, வலிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போங்கள். ராத்திரி என்றால் 24 மணி நேரக் கிளினிக்கைத் தேடிப் போங்கள். எந்தக் கிளினிக் ராத்திரியில் திறந்திருக்கும் என்பதை நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து ஃபோனில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வருடா வருடம் ஊசி போடுகிறோமே, அது காப்பாற்றாதா?

காப்பாற்றாது. அந்தத் தடுப்பூசி டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, லெப்டோ போன்றவற்றுக்கு. எர்லிக்கியாவுக்குத் தடுப்பூசி கிடையாது. உண்ணியைத் தடுப்பது ஒன்றே வழி.

லெப்டோ பற்றி ஒரு வார்த்தை. "கென்சிங் தீக்குஸ்" என்று நாம் சொல்லும் எலிச் சிறுநீர் நோய் நாய்க்கும் வரும். காய்ச்சல், மஞ்சள் காமாலை எல்லாம் உண்ணிக் காய்ச்சல் மாதிரியே இருக்கும், மனிதர்களுக்கும் தொற்றும். எது என்று உறுதியாகும் வரை நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுத் துடையுங்கள்.

கிளினிக்கில் என்னென்ன ரத்தப் பரிசோதனை செய்வார்கள்? எல்லாமே தேவையா?

முதல் பரிசோதனை முழு ரத்த எண்ணிக்கை. நம் வீடுகளில் டெங்கி வந்து பார்த்தவர்களுக்கு இது பழக்கமானதுதான். நாய்க்குப் பிளேட்லெட் சுமார் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்க வேண்டும். எர்லிக்கியா வந்த நாய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இது குறைந்திருக்கும். கூடவே சிவப்பணுக்களின் அளவையும் பார்ப்பார்கள். அறிக்கையில் பி.சி.வி. என்று ஒரு சதவீதம் இருக்கும், 37 முதல் 55 வரை இயல்பு. பணம் குறைவாக இருந்து ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள் என்பது என் கருத்து. நாய் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதை இதுதான் காட்டும்.

இரண்டாவது, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. செலவு குறைவு, பலன் அதிகம். பபீசியா சிவப்பணுக்குள் இருப்பதை நேரடியாகவே பார்த்துவிடலாம். காது நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் அது கண்ணில் படும் வாய்ப்பு கூடுதல். பிளேட்லெட்டுகள் கட்டியாகச் சேர்ந்துகொண்டால் மெஷின் அவற்றை எண்ணாமல் விட்டு, எண்ணிக்கையைத் தப்பாகக் குறைத்துக் காட்டும். அதையும் தகடுதான் காட்டிக்கொடுக்கும். ஆனால் எர்லிக்கியா தகட்டில் அபூர்வமாகத்தான் தெரியும். "மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் இல்லை" என்றால் எர்லிக்கியா இல்லை என்று அர்த்தமாகாது.

மூன்றாவது, ஸ்னாப் ஃபோர்டிஎக்ஸ் என்ற உடனடிப் பரிசோதனை. எட்டு நிமிடத்தில் நீலப் புள்ளிகளாக விடை வரும். இதயப்புழு, எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, லைம் நோய் ஆகியவற்றைப் பார்க்கும். பபீசியாவை இது பார்க்காது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஸ்னாப் நெகட்டிவ் என்ற நிம்மதியில் பபீசியாவை விட்டுவிடும் வீடுகள் உண்டு.

நான்காவது பி.சி.ஆர். கிருமியின் மரபணுவையே தேடுவதால், எந்தக் கிருமி, பபீசியாவில் எந்த இனம் என்பதுவரை சொல்லிவிடும். ரத்தத்தை வெளி லேப்புக்கு அனுப்ப வேண்டும், விடை வரச் சில நாட்கள் ஆகும், செலவும் கூடுதல். முக்கியமான விஷயம், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே இதற்கான ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். மருந்து உள்ளே போனபின் கிருமி குறைந்து விடை பொய்யாகிவிடலாம்.

இவை தவிர கல்லீரல், சிறுநீரகம், ரத்தப் புரதம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, மருந்தைத் தாங்குமா என்பதற்காக.

ஸ்னாப் நெகட்டிவ். ஆனாலும் டாக்டர் எர்லிக்கியாவுக்கு மருந்து தருகிறார். ஏன்?

ஸ்னாப் தேடுவது கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. அது உருவாக ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை ஆகும். காய்ச்சலின் முதல் நாட்களில் நெகட்டிவ் வருவது இயல்பு. காய்ச்சல், குறைந்த பிளேட்லெட், உண்ணி இருந்த சரித்திரம் மூன்றும் சேர்ந்தால் விடைக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவது நியாயமான முடிவு.

இதற்கு நேர்மாறு: ஸ்னாப் பாசிட்டிவ், ஆனால் நாய் குதித்து விளையாடுகிறது.

எப்போதோ தொற்று ஏற்பட்டிருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. குணமான பிறகும் அந்தப் புள்ளி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீலமாகவே வரலாம். அதனால் குணமாகிவிட்டதா என்று பார்க்க ஸ்னாப்பைத் திரும்பச் செய்வதில் பயனில்லை. நன்றாக இருக்கும் நாய்க்குப் பாசிட்டிவ் வந்தால் ரத்த எண்ணிக்கையும் புரதமும் பாருங்கள், முடிந்தால் பி.சி.ஆர். செய்யுங்கள். பிளேட்லெட் குறைந்திருந்தால் உள்ளே நோய் ஓடிக்கொண்டிருக்கிறது, சிகிச்சை வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் சில மாத இடைவெளியில் எண்ணிக்கையைக் கவனித்து வரச் சொல்வார்கள்.

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை 28 நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்துவிட்டதே?

எழுந்துவிடும். எர்லிக்கியாவின் ஆரம்பக் கட்டத்தில் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் நாய் தெளிந்து, சோறு கேட்கும். அங்கேதான் நிறைய பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி வெள்ளை அணுக்களுக்குள் ஒளிந்திருப்பதால் காய்ச்சல் விட்டது போதாது. அரைகுறையாக நிறுத்தினால் அடங்கிக் கிடந்து, பின்னால் எலும்பு மஜ்ஜையைத் தாக்கலாம். அந்தக் கட்டத்தில் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் உற்பத்தியாகாமல் போகும், அதிலிருந்து மீட்பது மிகக் கடினம். காலண்டரில் 28 கட்டங்களைக் கோடு போட்டு வைத்து, ஒவ்வொரு நாளும் அடித்துக்கொண்டே வாருங்கள்.

வழக்கமான அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 10 மில்லிகிராம். 20 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 200. ஒரே வேளையாகவோ காலை மாலை என்று பிரித்தோ தருவார்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், சோற்றோடு கொடுங்கள். பால், தயிர், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், மருந்து உடம்பில் சேராது. மாத்திரையை உலர்வாகத் தொண்டைக்குள் தள்ளிவிட்டுப் போய்விடக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரோ ஒரு வாய்ச் சோறோ போக வேண்டும். கொடுத்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்து மாத்திரை வெளியே வந்துவிட்டால் கிளினிக்குக்கு ஃபோன் செய்து கேளுங்கள்.

மூன்று நாளாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் திரும்பக் கூட்டிப் போங்கள். கூடவே பபீசியா இருக்கலாம், அல்லது நோயே வேறாக இருக்கலாம். முன்னேற்றம் இருந்தாலும் ஒரு வாரத்தில் ஒருமுறையும், மருந்து முடிந்ததும் ஒருமுறையும், அதன் பிறகு சில மாதம் கழித்தும் ரத்த எண்ணிக்கை பார்ப்பது அவசியம்.

பபீசியா என்றால் மருந்து வேறா?

முற்றிலும் வேறு. பபீசியா வோகெலிக்கு இமிடோகார்ப் ஊசி, இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. போட்ட இடம் வலிக்கும். எச்சில் ஒழுகுவது, வாந்தி, பேதி வரலாம் என்பதால் முன்கூட்டியே அட்ரோபின் ஊசி போடுவது வழக்கம். ஹெப்பட்டோசூனுக்கும் இதே இமிடோகார்ப்தான், ரத்தத்தில் கிருமி மறையும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

பபீசியா கிப்சோனி பிடிவாதக்காரன். இமிடோகார்ப் அதை ஒழிப்பதில்லை. அட்டோவாக்குவோன் என்ற மருந்தை நாளைக்கு மூன்று வேளை, அசித்ரோமைசினைத் தினம் ஒரு வேளை என்று சேர்த்துப் பத்து நாள் கொடுப்பதுதான் முதன்மைச் சிகிச்சை. அட்டோவாக்குவோன் கொழுப்புள்ள உணவோடு போனால்தான் உடம்பில் சேரும். விலை அதிகம், பெரிய நாய் என்றால் இன்னும் அதிகம். அது முடியாத குடும்பங்களுக்கு கிளிண்டமைசின், மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின் சேர்ந்த மாற்று வழியை மருத்துவர்கள் சொல்வதுண்டு. பணக் கஷ்டத்தை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சொன்னால்தான் மருத்துவரால் அதற்கேற்பத் திட்டம் போட முடியும்.

கிப்சோனி பரவ உண்ணி தவிர இன்னொரு வழியும் உண்டு. நாய்கள் கடித்துச் சண்டை போடும்போது ரத்தம் கலந்து தொற்றும், தாயிடமிருந்து குட்டிக்கும் போகும். சிகிச்சைக்குப் பிறகும் உள்ளே ஒளிந்திருக்கலாம் என்பதால் இரண்டு, மூன்று மாதம் கழித்து பி.சி.ஆர். செய்து பார்ப்பது நல்லது.

ஸ்டீராய்டு தருகிறார்கள், பயமாக இருக்கிறது. ரத்தம் ஏற்ற வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

சில நாய்களில் கிருமியைவிட, அதனால் தூண்டப்பட்ட சொந்த உடம்பே பிளேட்லெட்டுகளையும் சிவப்பணுக்களையும் அழிக்கத் தொடங்கிவிடும். அதை அடக்கக் கொஞ்ச நாளுக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், பசி கூடும். நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சிவப்பணு அளவு 15, 20 சதவீதத்துக்கு இறங்கி நாயும் தளர்ந்துவிட்டால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். ரத்தம் கொடுக்க இன்னொரு நாய்தான் வர வேண்டும். நாய்களுக்கும் ரத்த வகைகள் உண்டு, முதல் தடவை ஏற்றும்போது கடும் எதிர்வினை வருவது குறைவு. 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள, தடுப்பூசி போட்ட, உண்ணித் தடுப்பு தவறாமல் எடுக்கும் இளம் நாய் உங்கள் வீட்டில் இருந்தால், உங்கள் கிளினிக்கில் தானம் செய்யப் பெயர் கொடுத்து வையுங்கள். நள்ளிரவில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஒரு குடும்பம் அழுதுகொண்டு நிற்கும்போது அந்தப் பட்டியல் ஒன்றுதான் உதவும்.

பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா? பனடோல்?

டெங்கிக்குக் குடித்த பழக்கத்தில் நாய்க்கும் பப்பாளி இலையை அரைத்துக் கொடுக்கிறார்கள். பாசத்தில் செய்வது, புரிகிறது. ஆனால் அது எர்லிக்கியாவையோ பபீசியாவையோ கொல்லாது. கசப்பில் நாய் வாந்தி எடுத்து, மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். கொடுக்கவே வேண்டும் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சிகிச்சைக்குக் கூடுதலாக மட்டும். அதை நம்பி ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

பனடோல் கூடவே கூடாது. பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும், பூனைக்கு உயிரையே எடுக்கும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் இரண்டும் பிளேட்லெட் குறைந்த நாய்க்கு வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். மனிதக் காய்ச்சல் மாத்திரை எதுவும் வேண்டாம்.

உண்ணியை எப்படி எடுப்பது?

கூர்முனை டுவீசரால், தோலை ஒட்டினாற்போல் தலைப் பக்கம் பிடித்து, நிதானமாக நேராக இழுங்கள். வயிற்றைப் பிடித்து நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, புகையிலைத் தண்ணீர், ஊதுபத்திச் சூடு எதுவும் வேண்டாம். நாயின் தோல்தான் வெந்துபோகும், உண்ணியும் கலவரப்பட்டு எச்சிலை உள்ளே கக்கலாம். எடுத்ததை ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் போடுங்கள். வெறுங்கையால் நசுக்காதீர்கள். கடிவாய் சில நாள் தடித்திருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

சுவரிலும் சீலிங்கிலும் உண்ணி ஏறுகிறது. வீட்டையே விட்டுப் போய்விடலாம் போலிருக்கிறது.

இந்த நிலைமையை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் மனவேதனை தெரியும். இங்கே பெரும்பாலும் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி. காட்டு உண்ணிபோல் புல்லில் மட்டும் வாழாமல், வீட்டுக்குள்ளேயே பல்கிப் பெருகக்கூடியது. குஞ்சு, இளம் உண்ணி, முழு உண்ணி என்று மூன்று பருவத்திலும் நாயைத்தான் தேடும். ஒவ்வொரு முறை ரத்தம் குடித்ததும் கழன்று விழுந்து, மேல்நோக்கி ஏறி, சுவர் விரிசலிலும் கதவுச் சட்டத்திலும் ஒளியும். பெண் உண்ணி ஒரே தடவையில் 4,000 முட்டை வரை இடும். நம் வெப்பநிலையில் முட்டையிலிருந்து முட்டைவரையான சுற்று இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். முழு உண்ணி சாப்பாடில்லாமல் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும்.

நாய் மேல் நீங்கள் காணும் உண்ணிகள் இருப்பதில் சிறு பங்குதான். எனவே நாய்க்கு மருந்து, வீட்டுக்கு மருந்து இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும். விரிசல்களைச் சிமெண்டோ சிலிகோனோ வைத்து அடையுங்கள். நாய்ப் படுக்கையை வெந்நீரில் அலசுங்கள், பழைய கந்தல் மெத்தையைத் தூக்கிப் போடுங்கள். வேக்குவம் போட்டபின் அந்தப் பையைக் கட்டி வெளியே எறியுங்கள். அடர்ந்த புல்லை வெட்டுங்கள். தொல்லை அதிகமென்றால் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைத்து, வீட்டில் நாய், பூனை, மீன் தொட்டி என்ன இருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒருமுறை அடித்தால் முட்டைகள் தப்பிவிடும், சில வாரங்களில் திரும்ப அடிக்க வேண்டும். மூன்று நான்கு மாதம் விடாமல் செய்தால் நிச்சயம் அடங்கும்.

தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுகிறார்கள் சிலர். தயவுசெய்து செய்யாதீர்கள். நாய் நக்கும், தோல் வழியாகவும் உறிஞ்சும். எச்சில் ஒழுகி, தசைகள் துடித்து, சில மணி நேரத்தில் இறந்துவிடலாம்.

தடுப்புக்கு எது நல்லது: மாத்திரையா, சொட்டு மருந்தா, கழுத்துப் பட்டையா?

தவறாமல் கொடுக்க முடிவது எதுவோ அதுதான் நல்லது. மாத்திரைகளில் நெக்ஸ்கார்டும் சிம்பாரிக்காவும் மாதம் ஒன்று. பிராவெக்டோ மூன்று மாதத்துக்கு ஒன்று. மறதிக்காரர்களுக்கு அதுதான் வசதி. இவை மூன்றும் ஒரே மருந்துக் குடும்பம். வலிப்பு வந்த சரித்திரம் உள்ள நாய்க்கு இவற்றைக் கொடுக்குமுன் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். மாத்திரை உண்ணியைக் கொல்லும், ஆனால் அது கடித்த பிறகுதான். எர்லிக்கியாவோ கடித்த சில மணி நேரத்திலேயே உடம்புக்குள் போய்விடக்கூடியது. அதனால் தொல்லை அதிகமுள்ள இடங்களில், உண்ணியை விரட்டவும் செய்யும் செரெஸ்டோ போன்ற பட்டையைச் சேர்த்துப் போடச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அந்தப் பட்டை எட்டு மாதம் வரை வேலை செய்யும். ஃப்ரண்ட்லைன் போன்ற சொட்டு மருந்தென்றால் முதுகில் விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாளாவது குளிப்பாட்டாதீர்கள்.

எடைக்கேற்ற அளவைத்தான் வாங்க வேண்டும். பெரிய நாய் மாத்திரையை உடைத்து இரண்டு குட்டிகளுக்குக் கொடுப்பது சரியான வழி இல்லை. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தை வாங்கவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

ஒருமுறை வந்து குணமானால் மறுபடி வராதா?

வரும். இந்த நோய் வந்து போவதால் நிலையான எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. மருந்து முடிந்த அடுத்த வாரமே இன்னொரு உண்ணி கடித்தால் மீண்டும் முதலிலிருந்து.

எங்களுக்கும் குழந்தைகளுக்கும் தொற்றுமா?

நாயைத் தொடுவதாலோ, அது நக்குவதாலோ வராது. பழுப்பு நாய் உண்ணி நாயைத்தான் விரும்பும், எண்ணிக்கை மிஞ்சிப்போனால் மனிதரையும் கடிக்கும். எர்லிக்கியா கேனிஸ் மனிதர்களிடம் வெனிசுவேலாவில் அபூர்வமாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. உண்ணி கடித்தபின் உங்களுக்குக் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணிக் கடியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். நோய் வந்த நாயை வீட்டைவிட்டு ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. வீட்டில் வேறு நாய்கள் இருந்தால், அவையும் அதே உண்ணிகளோடுதான் வாழ்கின்றன. அவற்றின் ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது போர்டிங்கில் விடுகிறோம். என்ன கேட்க வேண்டும்?

வரும் எல்லா நாய்களுக்கும் உண்ணித் தடுப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். நேரில் போய்க் கூண்டுகளின் மூலைகளையும் சுவரையும் பாருங்கள். விடுவதற்கு ஒரு வாரம் முன்பே தடுப்பு மருந்தைக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்தபின் மூன்று வாரம் சாப்பாட்டையும் சுறுசுறுப்பையும் கவனியுங்கள். தைப்பூசம், சீனப் புத்தாண்டு விடுமுறைகளுக்கும் இதேதான்.

தெருநாய்களுக்குச் சோறு போடுகிறேன். அவற்றுக்கு என்ன செய்ய முடியும்?

நிறைய முடியும். பிடிக்க முடியாத நாய்க்கும் மெல்லும் மாத்திரையைக் கோழித்துண்டுக்குள் வைத்துக் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரும் வகை தெருநாய்க்கு மிகப் பொருத்தம். எடையைக் கண்ணால் மதிப்பிட்டு, கிளினிக்கில் நாயின் படத்தைக் காட்டி அளவு கேளுங்கள். எந்த நாய்க்கு எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள், ஒரே நாய் இரண்டு மாத்திரை தின்றுவிடாமல் நீங்களே நின்று பாருங்கள். ஒரு தெருவில் நாலைந்து பேர் பணம் போட்டுச் செய்தால் ஒருவருக்குச் சுமையாகாது. நோய்வாய்ப்பட்டதைப் பிடிக்க முடிந்தால், நீங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் தெருநாய்க்குக் கட்டணச் சலுகை உண்டா என்று கேளுங்கள். ஜெலுத்தோங்கில் உள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான பினாங்கு எஸ்.பி.சி.ஏ.விலும் விசாரிக்கலாம். 28 நாள் டாக்சிசைக்ளினைத் தெருவில் வைத்தே முடிக்க வேண்டுமென்றால், தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே ஆள் சோறு வையுங்கள். நாய் அந்த நேரத்துக்குத் தானாக வந்து நிற்கும்.